தீர்வையற்ற பண்டமும் நாடற்ற மனிதரும்

“வீட்டிலே பழம் பொருள் ஏதேனும் இருந்தால் கொண்டு வாருங்கள், அதன் வரலாற்றை நாமே எழுதிப் பார்ப்போம்” என்று பத்தாம் வகுப்பு மாணவரிடம் ஒருநாள் கூறினேன். வெற்றிலைத் தட்டம் ஒன்று வந்தது. அடி நசுங்கிய செப்புக் குடம் ஒன்று வந்தது. தோட்டத்துச் செக்றோலில் பெயர் பதிந்திருந்ததற்குச் சான்றான பழுப்பேறிய துண்டுக் காகிதம் ஒன்றும் வந்தது. மஹய்யாவவிலிருந்து வரும் மாணவன் ஒருவன் கொண்டு வந்ததோ பளபளப்புக் கூடக் குன்றாத தேயிலைத் தகரம். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. “இதற்கும் கதை இருக்கிறது, சேர்” என்றான்.

கதை இதுதான். அவனுடைய அம்மாயியின் தங்கை 1972ஆம் ஆண்டிலே, இருபது வயதில், பெற்றோருடன் கண்டிப் புகையிரத நிலையத்தில் வண்டியேறித் தலைமன்னார் வழியாக இந்தியா சென்றவர். கோத்தகிரிப் பக்கத்தில் கொழுந்து பறித்து முதுமை அடைந்தவர். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், பேரப்பிள்ளைகளின் உதவியால் விமானமேறி வந்து தமக்கையைப் பார்த்தார். திரும்பும்போது, சிறிய விமான நிலையமொன்றின் புறப்படு கூடத்தில், “தீர்வையற்ற கடை” என்று எழுதிய கண்ணாடி அலுமாரிகளுக்கு முன்னே நின்றவர், கையிலிருந்த பணத்தை எண்ணிக் கொடுத்து இந்தத் தகரத்தை வாங்கினார். சில மாதங்களுக்குப் பிறகு கண்டிக்கு வந்த உறவினர் ஒருவரின் கையில் அதையே தமக்கைக்குக் கொடுத்தனுப்பினார். கண்டி மலையிலே விளைந்த இலை, கடல் கடந்து நீலகிரிக்குப் போய், மறுபடியும் கடல் கடந்து மஹய்யாவவுக்கு வந்து சேர்ந்தது!

ஏன் வாங்கினீர்கள் என்று கைத்தொலைபேசியில் அவரிடமே கேட்டேன். “மூடியில இருக்கிற பொம்பள படம் எங்க ஆத்தா மாதிரியே இருந்துச்சுங்க மாஸ்டர். அத அங்கே விட்டுட்டு வர மனசு வரல” என்றார்.

அந்தத் தகரம் இரண்டு நாள் என் மேசையின்மீது இருந்தது. பசுமை போர்த்த சரிவு. நெற்றியிலே கயிறு அழுந்த, முதுகிலே கூடை தொங்க ஒரு பெண். அவள் முகத்திலே ஓவியன் தீட்டிய புன்னகை. பொருளின் பெயர் இருக்கிறது; எடை இருக்கிறது; விளைந்த மலையின் உயரம் கூட இருக்கிறது. பெண்ணுக்கு மட்டும் பெயர் இல்லை. இந்தப் பண்டம் எவ்வாறு எல்லைகளைத் தீர்வையின்றிக் கடக்கக் கற்றது, இந்தப் பெண் எவ்வாறு எல்லைகளிலே தடுத்து நிறுத்தப்பட்டாள் என்னும் இரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்று அப்பொழுது எனக்குத் தோன்றியது.

தீர்வை என்பது அரசு எல்லையிலே நின்று வாங்கும் கூலி. தேயிலைக்கும் தீர்வைக்கும் உள்ள பகை மிகப் பழையது. 1773இல் அமெரிக்காவின் பொஸ்டன் துறைமுகத்திலே 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் வீசப்பட்டன; ஒரு புரட்சிக்கு அது முன்னுரையாயிற்று. 1784 வரையில் இங்கிலாந்திலே தேயிலையின்மீது இருந்த வரி அதன் விலையைவிட அதிகம். 119 சதவீதம் என்பர். கள்ளக் கடத்தல் பெருகியதைக் கண்ட அரசு அவ்வாண்டிலே அதனை 12.5 சதவீதமாகக் குறைத்தது. செல்வர் வீட்டுப் பானம் ஆலைத் தொழிலாளியின் குடிசைக்கும் இறங்கியது. அந்தத் தாகம் பெருகியபடியாலேதான் பிற்காலத்தில் அஸ்ஸாமும் கண்டி மலைகளும் காடிழந்தன.

விமான நிலையத்திலே தீர்வையற்ற கடை என்னும் ஏற்பாடு 1947இல் அயர்லாந்தின் ஷனனிலே பிறந்தது. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்கள் அன்று ஒரே மூச்சில் பறக்க இயலாதவை. எண்ணெய் நிரப்ப ஷனனில் இறங்கின. பயணிகள் ஓரிரு மணி நேரம் காத்திருந்தனர். நிலையத்தின் உணவுப் பொறுப்பாளராயிருந்த பிரெண்டன் ஓ’றீகன் என்பார் ஒரு கேள்வி எழுப்பினார். ஒரு நாட்டைச் சட்டப்படி விட்டுவிட்ட பயணி மறு நாட்டிலே இன்னும் கால் வைக்கவில்லை. கடலிலே செல்லும் கப்பலின் பயணியைப் போல அவன் எந்த நாட்டுக்கும் உரியவனல்லன். அவ்வாறாயின் அவன் வாங்கும் பொருளுக்கு எந்த நாடு தீர்வை கேட்கமுடியும்? அவ்வாண்டே அயர்லாந்து அதற்கென ஒரு சட்டம் இயற்றியது. இன்று உலகின் பெருநகர் நிலையம் முதல் ஒற்றை ஓடுபாதை கொண்ட சிறு நிலையம் வரை கண்ணாடிக்குள் மின்னும் கடைகள் யாவும் அந்தச் சிந்தனையின் பிள்ளைகளே.

இதைச் செய்தது அயர்லாந்து என்பதை நாம் கவனிக்கவேண்டும். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேரைச் சாகக்கொடுத்து, அத்தனை பேரையே கடலுக்கு அப்பாலும் அனுப்பிய நாடு அது. பசித்தவர்கள் மூட்டையுடன் கப்பலேறிய மேற்குக் கரைக்கு, நூறாண்டுகளுக்குப் பின், விமானமேறியவர்கள் வந்து நினைவுப் பொருள் வாங்கினார்கள். ஊரை இழந்தவனுடைய பேரனுக்கு ஊரின் நினைவு விற்கப்பட்டது. இந்த வாணிகத்தின் ஆழத்திலே எப்பொழுதும் ஒரு பிரிவு இருக்கிறது.

நமது நாட்டிலே விமானத்துக்கு முன்னரே இந்த வாணிகம் துறைமுகத்தில் வேரூன்றியது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தபின் கீழைத்தேசக் கப்பல்கள் கொழும்பிலே தங்கிச் சென்றன. வெள்ளைப் பயணிகள் கரையிறங்கிக் கோட்டைத் தெருக்களிலே இரத்தினக்கல்லும் ஆமையோட்டுச் சீப்பும் கருங்காலி யானையும் வாங்கினர். பிறகு படத் தபாலட்டை வந்தது. 1890இல் தொடங்கிய பிளாட்டே நிழற்படக் கலையகம் போன்றவை அச்சிட்டு விற்ற அட்டைகளிலே கொழுந்து பறிக்கும் பெண் மீண்டும் மீண்டும் தோன்றினாள். “தமிழ்க் கூலி” என்பதற்கு மேல் அவளுக்கு வேறு விளாசம் தரப்படவில்லை. அதே 1890இலே தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். தேயிலையைச் சிறு பொட்டலங்களாக்கி, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று விளம்பரம் செய்தார். இடையிலே லயம் இல்லை, கங்காணி இல்லை, கடன் இல்லை! தோட்டமும் பாத்திரமும் மட்டுமே உலகின் கண்ணில் பட்டன. என் மேசைமீதிருந்த தகரத்துப் பெண் அந்த அட்டைப் பெண்ணின் வழித்தோன்றலே.

கண்டிக்கு இந்தக் கதையிலே தனியிடம் உண்டு. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே ஆண்டிலே, கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிலே தேயிலை நட்டார். 1869இல் கோப்பியைத் தாக்கிய இலைநோய் பழைய பயிரை அழித்துப் புதிய பயிருக்கு வழி திறந்தது. 1873இல் இலண்டனுக்குச் சென்ற முதற் சரக்கு வெறும் 23 இறாத்தல். இன்று லூல்கந்துரவுக்குச் செல்வோருக்கு டெயிலர் அமர்ந்த கல் இருக்கை காட்டப்படுகிறது. 1925இல் கட்டிய ஹந்தானைத் தொழிற்சாலை 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. நல்லதே, உழைத்த வெள்ளையனையும் மறக்கவேண்டியதில்லை. ஆனால் அதே ஹேவாஹெட்டைச் சரிவிலேதான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரியிலே அங்கே கூலியுயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். டெயிலரின் இருக்கையைப் படம்பிடித்துத் திரும்பும் பிரயாணிகளுள் எத்தனை பேர் கோவிந்தனின் பெயரைக் கேட்டிருப்பர்?

அந்த 19 ஏக்கரையும் பின்னர் லட்சக்கணக்கான ஏக்கரையும் பசுமையாக்கியவர்கள் எவ்வாறு வந்தார்கள்? கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கி, அநுராதபுரக் காடுகளையும் தம்புள்ளையையும் மாத்தளையையும் கால்நடையாகவே கடந்து வந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியெல்லாம் பிணங்களை விட்டன. கொடுத்த முன்பணம் கங்காணியின் கணக்கிலே கடனாய் வளர்ந்தது. அந்தக் கடனைத் “துண்டு” என்னும் சீட்டிலே எழுதி ஒரு துரையிடமிருந்து இன்னொரு துரைக்குத் தொழிலாளி கைமாற்றப்பட்டான். துண்டு முறையைச் சட்டம் ஒழிப்பதற்கு 1921 ஆகவேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வேறொரு புதுமையும் நடந்தது. போய்ச்சேர வேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லை ஒன்று ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுக்கப்பட்டது. பெயர் வேண்டாம், இலக்கம் போதும். மூட்டைக்குச் சீட்டு ஒட்டி அனுப்புவது போல மனிதனுக்குத் தகரம் கட்டி அனுப்பினார்கள். வாசகர்களே, இன்று தேயிலையைத் தகரத்தில் அடைத்து அனுப்புகிறார்கள்; அன்று தேயிலை பறிப்பவனுக்கே தகரம் கட்டினார்கள்.

மீண்டும் 1947க்கு வருவோம். ஷனனிலே முதற் கடை திறந்த அந்த ஆண்டு நமக்கும் முக்கியமானது. அவ்வாண்டு டிசம்பரிலே ஏயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அதற்குச் “சீதாதேவி” என்று பெயரிட்டிருந்தார்கள். கடல் கடந்து கொணரப்பட்டு அந்நிய மண்ணிலே சிறையிருந்த ஒரு பெண்ணின் பெயரை விமானத்துக்குச் சூட்டியவர்கள், அதே கடலைக் கடந்து வந்து மலையிலே உழைத்த பெண்களை நினைத்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. தொழிலாளர் வாக்குகள் வேறு பல தொகுதிகளிலே இடதுசாரிகளுக்கும் துணை நின்றன. ஆளும் வர்க்கம் இதனை மறக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் செய்யப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சத்து 34 ஆயிரம் பேருக்கே அது கிடைத்தது.

ஷனனிலே பயணி ஒருவன் ஒரு மணி நேரம் எந்த நாட்டுக்கும் உரியவனல்லாதிருந்தான். அந்த நிலை அவனுக்குச் சலுகையாயிற்று. மலிவு விலையில் மதுவும் வாசனைத் திரவியமும் கிடைத்தன. நமது மலையிலே பத்து லட்சத்தை எட்டிய மக்கள் எந்த நாட்டுக்கும் உரியரல்லாதவராக ஆக்கப்பட்டார்கள். அந்த நிலை அவர்களுக்குத் தண்டனையாயிற்று. நாடின்மை என்னும் ஒரே சட்டக் கருத்து, கையிலே காசுள்ளவனுக்கு ஒன்றாகவும் கூடை சுமப்பவளுக்கு வேறாகவும் பொருள்படுகிறது. சட்டத்தின் சொல்லைப் படித்தால் மட்டும் போதாது. அந்தச் சொல் யார்மீது விழுகிறது என்பதையும் படிக்கவேண்டும் என வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேர் கணக்கிலே கொள்ளப்பட்டனர். மூன்று லட்சம் இலங்கைக்கு, 5,25,000 இந்தியாவுக்கு, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம்! பிறகு, 1974இல், அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. அவ்வொப்பந்தத்தில் ஒரு விதி உண்டு: செல்லும் குடும்பம் தன் சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்பட உடைமைகளைக் கொண்டுசெல்லலாம்; கொண்டுசெல்ல அனுமதிக்கப்படும் உச்சத்தொகை 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படாது. மூன்று தலைமுறை உழைப்பின் நினைவுப் பொருளுக்கு இரு அரசுகளும் குறித்த அளவு அது. அதிலும் பலருக்கு அத்தொகையை எட்டும் சேமிப்பே இருக்கவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடியுமுன், 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1914 முதல் இருநாட்டுப் புகையிரதங்களையும் இணைத்த கப்பல் வழி அங்கே அறுந்தது; பின்னர் இராமேஸ்வரத்துக்கு மாறியது. “இராமானுஜம்” என்னும் கப்பல் சுமைசுமையாக மக்களை ஏற்றிச் சென்றது. கண்டியிலும் ஹற்றனிலும் பதுளையிலும் புகையிரத நிலையங்கள் ஒப்பாரிக் களங்களாயின. அக்காள் இலங்கைப் பிரசை, தங்கை இந்தியப் பிரசை என ஒரே லயத்துக்குள் எல்லைக்கோடு விழுந்தது. என் மாணவனின் குடும்பமும் அவ்வாறே பிளந்தது. “அம்மியத் தூக்கிட்டுப் போக முடியாதுன்னாங்க. ஆத்தா அத அக்காகிட்ட குடுத்துட்டு அழுதுச்சு” என்றார் அந்த முதியவர். 1984இலே கப்பலும் நின்றது. அதற்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தங்களின்கீழ் அனுப்பப்பட்டிருந்தனர். மண்டபம் முகாமிலே இறங்கியவர்களுள் ஒரு பகுதியினருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியிலே தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. மறுபடியும் அதே சரிவு, அதே கூடை, அதே குளிர். அங்கும் அவர்களைச் “சிலோன்காரர்” என்றே அழைத்தனர்.

மலையிலே எஞ்சியவர்களின் கதை வேறொரு விமான நிலையத்துக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. கட்டுநாயக்காவிலே வருவோருக்கான தீர்வையற்ற கடைகளிலே குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் தொலைக்காட்சியும் அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டு வெளிநாட்டார் வியப்பர். நமக்கு வியப்பில்லை. வளைகுடா நாடுகளின் வீடுகளிலே பணிசெய்து திரும்பும் பெண்கள் அங்கே அவற்றை வாங்குகிறார்கள். கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்தும் பெண்கள் அவ்வாறு சென்றுள்ளனர். தாயில்லாத வீட்டிலே வளர்ந்த பிள்ளைகள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டிக்குத் தீர்வை இல்லை என்பது உண்மையே. அதற்குரிய விலையைப் பிள்ளைகள் செலுத்திவிட்டார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். பிரயாணி ஒருவர் தேயிலைப் பெட்டியோ பித்தளை விளக்கோ வாங்குவது குற்றமா? கண்டிப் பகுதியின் பித்தளை, அரக்கு, வெள்ளி வேலைக்காரரின் அடுப்பு எரிவது அவர் வாங்குவதால் அன்றோ? குற்றமல்ல, வாங்கட்டும். அந்த முதியவர் வாங்கியதும் அன்பினாலேதான். குற்றம், அப்பண்டம் எதைச் சொல்லாமல் மறைக்கிறது என்பதிலே இருக்கிறது. இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க முத்திரை, உள்ளே இருப்பது கலப்பில்லாத இலங்கைத் தேயிலை, இந்நாட்டிலேயே பொதியிடப்பட்டது என்பதற்கு உறுதி கூறுகிறது. இலைக்கு உள்ள இந்த உறுதியை, இந்நாட்டவள் என்னும் இந்த முத்திரையை, அதைப் பறித்தவள் பெறுவதற்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வரவேண்டியிருந்தது. நாட்கூலி ஆயிரம் ரூபா ஆவதற்கு நீண்ட போராட்டத்தின் பின் 2021 ஆயிற்று; 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. நாள் முழுதும் கொழுந்து பறித்து, நிறை குறைந்தால் அரைப்பேர் வாங்கித் திரும்பும் ஒருத்தி, தன் படம் போட்ட தகரத்தை அந்தக் கண்ணாடிக் கடையிலே வாங்குவதற்கு எத்தனை நாள் மலையேறவேண்டும் என்று மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

மஹய்யாவவைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். தோட்டத்துக்கு வந்தவர்களின் உறவுக்காரர்களே கண்டி நகரசபையின் துப்புரவுப் பணிக்கும் கொணரப்பட்டனர். மஹய்யாவவின் நெருங்கிய வரிசை வீடுகளிலே அவர்களுடைய சந்ததியார் பலர் வாழ்கின்றனர். எசலப் பெரஹராவைக் காண உலகமே வருகிறது. யானைகள் நடந்த வீதியை விடியுமுன் துலக்கி வைப்பவர்கள் இவர்கள். பிரயாணி கொண்டுசெல்லும் தூய நகரின் நினைவும் இவர்கள் செய்து கொடுத்த பண்டமே. எனினும், வேலை விண்ணப்பத்திலே மஹய்யாவ என்று விளாசம் எழுதத் தயங்கும் இளைஞரை நான் அறிவேன். ஊரின் பெயரே ஒரு தீர்வையாய் அவர்கள்மீது விதிக்கப்பட்டிருக்கிறது.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. பெருந்தொற்றினால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மறுபடியும் தொடங்கியது. 2023இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பலும் ஓடியது. அதே ஆண்டிலே, மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவை நினைந்து, முன்னோர் நடந்த வழியிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தனர். பிரிந்தவர் பார்க்கும் வழிகள் திறப்பது நமக்கு மகிழ்ச்சியே. அந்த வழிகளிலே கடைகளும் திறக்கும், பண்டங்களும் அடுக்கப்படும். அவற்றோடு சேர்த்து வரலாறும் கொண்டுசெல்லப்பட வேண்டுமாயின், அதனை எழுதி வைக்கவேண்டியவர் ஆசிரியரும் மாணவருமாகிய நாமே. ஒவ்வொரு லயத்திலும் ஒரு கடவுச்சீட்டு, ஒரு வெளியேற்றக் கட்டளை, ஒரு கூப்பன் புத்தகம், இந்தியாவிலிருந்து வந்த ஒரு நீலக் கடிதம் இன்னும் இருக்கிறது. கரையான் தின்னுமுன் அவற்றைப் படியெடுப்போம். முதியவர் வாய்மொழியைத் தேதியுடனும் தோட்டத்தின் பெயருடனும் எழுதி வைப்போம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் மாலை நேரமும் போதும்.

மூன்றாம் நாள் தகரத்தை மாணவனிடம் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அதன் மூடியைத் திறந்தேன். தேயிலை என்றோ தீர்ந்துபோயிருந்தது. உள்ளே மடித்து வைத்திருந்தவை அவன் வீட்டாரின் பிறப்புச் சான்றிதழ்களும் அம்மாயியின் பிரசாவுரிமைச் சான்றிதழும். “மழை ஒழுகினாலும் இதற்குள் நனையாது, சேர், அதனால் அம்மாயி இதிலேதான் வைப்பார்” என்றான் அவன்.

கரும்பலகையிலே அன்றைய பாடத்தின் தலைப்பாக அந்த அம்மாயியின் பெயரை எழுதினேன். இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை.